உப்பளத்துக்காரி எதை வாங்குகிறாள்?

“அரசுப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கும்போது, வயித்தக் கட்டி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குக் கொட்டுகிறார்களே நம் மக்கள், இது சரியா?” கூட்டங்களில் தோழர்கள் கேட்கிறார்கள். கேட்கிற தோழர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கின்றன என்பது தனிக்கதை. ஆனாலும் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

தூத்துக்குடி உப்பளங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கு வேலை நின்றுவிடும். இந்த மாதங்களுக்கென்றே 2022-இல் அரசு 5000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது. இரண்டாம் பருவக் கட்டணமும் இதே மாதங்களில்தான் வந்து நிற்கும். வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள். உப்பு வாருகிற அக்கா ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன்.

“அங்க ஸ்காலர்ஷிப்புக்குன்னு எம்பிள்ளைய எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நிக்கச் சொன்னாவ தம்பி. இங்க துட்டு கட்டலன்னா நிக்கச் சொல்லுதாவ. துட்டுன்னா அடுத்த வாரம் கட்டிரலாம்.”

அறியாமையில் ஏமாறுகிறவள் பேச்சா இது? சாதி சொல்லி எழுப்பாத ஒரு வகுப்பறையை அவள் விலை கொடுத்து வாங்குகிறாள். அரசுப் பள்ளியைக் காப்போம் என்று சுவரில் எழுதுகிற நாம், அவள் எதிலிருந்து ஓடிவந்தாள் என்பதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

சரி, அவள் கொடுக்கிற காசுக்கு அங்கே என்ன கிடைக்கிறது? எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு ஒரு வருடம் அப்படியொரு பள்ளியில் வேலை பார்த்தேன். தமிழில் பேசினால் பிள்ளைக்கு ஐந்து ரூபாய் அபராதம். நான் அங்கே தமிழாசிரியன். கூட வேலை பார்த்த பெண்கள் பாதிப்பேர் நம் தெருக்களில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள். மாதம் ஆறாயிரம். மே மாதம் அதுவும் இல்லை. கட்டணம் ஏன் குறைவு என்பது அந்தச் சம்பள நோட்டைப் பார்த்தால் விளங்கும். ஒரு சேரிப்பெண்ணின் கூலியில் பிடித்து இன்னொரு சேரிப்பெண்ணுக்குச் சலுகை.

ஆந்திரக் கிராமங்களில் 2008-இல் தொடங்கி, குலுக்கல் போட்டுப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்றைக் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015-இல் வெளியிட்டார்கள். நான்கு வருடம் கழித்தும் தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட இவர்கள் மேலே போகவில்லை. இந்தியில் மட்டும் கூடுதல். ஒரு பிள்ளைக்கு ஆன செலவோ அரசுச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. முதலாளிகள் இதைத் திறமை என்று கொண்டாடலாம். ஆசிரியர் சம்பளம் அங்கே ஆறில் ஒரு பங்கு. அரசு மட்டும் என்ன, இத்தனை செலவழித்தும் நம் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்துவிடவில்லை.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் எரிந்தபின் கூரையையும் படிக்கட்டையும் பார்க்க அதிகாரி வருகிறார். அது வேண்டியதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பத்தி வாசிக்க வருகிறதா என்று வகுப்பில் உட்கார்ந்து பார்க்க யார் வருகிறார்கள்? கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு அரசு பணம் கட்டுகிறதே, அந்தப் பணத்தோடு இந்தக் கேள்வியும் போகவேண்டாமா? ஆசிரியைக்கு முழுச் சம்பளம், பிள்ளைக்கு வாசிப்பு: இந்த இரண்டுக்கும் கணக்குக் காட்டாத பள்ளிக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

அரசு கேட்காததை அந்த அக்கா பெற்றோர் கூட்டத்தில் கேட்டிருக்கிறார்: “டீச்சருக்கு எம்புட்டு குடுக்கிய?” தாளாளர், “அது உங்களுக்கு எதுக்கும்மா?” என்றாராம். அடுத்த கூட்டத்துக்கு ஆறு பெண்கள் சேர்ந்து போவதாக இருக்கிறார்கள்.