இனி வருகிறவருக்கு

சோலார் பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். இன்வெர்ட்டருக்கு 5 வருடம், கூடுதல் பணம் கட்டினால் 10. பேனலைத் தாங்கும் இரும்புக் காலுக்கும், அதை இறுக்கிய நட்டு போல்ட்டுக்கும், வெயிலில் கிடக்கும் வயருக்கும் எத்தனை வருடம் என்று கேட்டால் பதில் தெளிவாக வராது. இத்தனையும் போட்டுக் கொடுத்த நிறுவனம் எத்தனை வருடம் இருக்கும் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை. அதனால்தான் நம் தொழிற்பேட்டைகளில் சத்தமில்லாமல் ஒரு வேலை பெருகி வருகிறது. யாரோ வரைந்து, யாரோ கட்டி, இன்னொருவர் சில காலம் பார்த்துவிட்டுப் போன சோலார் அமைப்பை நடுவில் வந்து ஏற்றுக்கொள்ளும் வேலை.

அந்த வேலைதான் என் பிழைப்பு. கடலூர் மாவட்டத்தில் செம்மங்குப்பத்தை ஒட்டிய ஒரு தொழிற்கூடத்தின் ஷீட் கூரையை ஏற்ற பிறகு எனக்குள் ஊறிய சில எண்ணங்களை இங்கே எழுதுகிறேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் கம்பெனிகள் வரிசையாக வரும். கிழக்கே உப்பனாறு, அதைத் தாண்டினால் கடல். காற்றில் உப்பு எப்போதும் உண்டு. ரசாயன ஆலைகளின் பக்கத்தில் அந்த உப்போடு வேறு நெடிகளும் சேரும். பேனலின் சட்டம் அலுமினியம், தாங்கும் கால் துத்தநாகம் பூசிய இரும்பு, இரண்டையும் பிடித்திருக்கும் போல்ட் எவர்சில்வர். மூன்று உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அங்கே ஒரு மின்கலமே உருவாகிவிடும். ஒரு உலோகம் இன்னொன்றைத் தின்னும். போல்ட் மட்டும் புதிதுபோல் பளபளக்கும். அது கவ்வியிருக்கும் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் மாவுபோல் உதிரும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு நீல நிறத்தில் வரிசை குலையாத பேனல்கள்தான் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அப்படி ஒரு காற்று மறுபடி வந்தால், யாரும் இறுக்கிப் பார்க்காத ஒவ்வொரு போல்ட்டையும் அது இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

ஆனால் புயலைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது சோலாரின் மௌனம். மோட்டார் கெட்டால் தண்ணீர் வராது. ஃபேன் நின்றால் வியர்க்கும். சோலாரில் பாதி செத்தாலும் கட்டடத்தில் ஒரு விளக்குகூட மங்காது. குறைந்த கரண்டை மின்வாரியத்தின் லைன் அந்த நொடியே ஈடுகட்டிவிடும். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 330 வாட் பேனல்கள் 18 சேர்ந்த ஒரு ஸ்ட்ரிங், அதாவது தொடராகக் கோத்த ஒரு வரிசை, அறுந்து நின்றால் நாளுக்கு 24 யூனிட் போச்சு. வருடத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம் யூனிட். மாதக் கடைசியில் பில் கொஞ்சம் ஏறியிருக்கும். வெயில் காலம், ஏ.சி. அதிகம் ஓடியது, ஷிஃப்ட் கூடியது என்று அதற்கு எத்தனையோ காரணம் சொல்லிவிடலாம். பராமரிப்பே வேண்டாத கரண்ட் என்று விற்பனைக்காரர்கள் சொன்ன பேச்சு நம் ஊரில் இவ்வளவு நாள் செல்லுபடியானதற்கு இந்த மௌனம்தான் காரணம். கேடு நடந்துகொண்டே இருந்தாலும் அது குரல் கொடுப்பதில்லை. நேற்றைய கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய கணக்கைப் பார்ப்பவருக்கு மட்டும்தான் அது தெரியவரும்.

ஏற்கும்போது முதலில் கேட்க வேண்டியது அந்த நேற்றைய கணக்கைத்தான். எந்தப் பேனல் எந்த ஸ்ட்ரிங்கில் சேர்ந்தது என்ற வரைபடம், பேனல்களின் சீரியல் எண்கள், போட்ட அன்று அளந்த வோல்டேஜ், எர்த் பிட்டின் அளவு, மின் ஆய்வாளர் தந்த பாதுகாப்புச் சான்று, உத்தரவாதம் யார் பெயரில் இருக்கிறது என்ற காகிதம். நான் பார்த்த இடங்களில் இவை முழுதாகக் கிடைத்தது அபூர்வம். இன்வெர்ட்டரின் தினசரி உற்பத்தியைப் பார்க்கும் இணையக் கணக்கு, போட்டவரின் மின்னஞ்சலில் இருக்கும். அவருடைய எண்ணுக்கு அடித்தால் மணி போகும், யாரும் எடுக்கமாட்டார்கள். கூரையும் பேனலும் முதலாளியுடையவை. அவற்றின் நினைவு மட்டும் வேறு யாரிடமோ மாட்டிக்கொண்டிருக்கும்.

காகிதம் இல்லாவிட்டால் கூரையையே வாசிக்க வேண்டியதுதான். வெயில் ஏறுமுன் மேலே போய், ஒவ்வொரு ஸ்ட்ரிங்காகப் பிரித்து வோல்டேஜ் அளப்பது. ஒரே மாதிரி ஸ்ட்ரிங்குகளில் ஒன்று மட்டும் நாற்பது வோல்ட் குறைந்தால் அங்கே ஒரு பேனல் போயிருக்கிறது என்று பொருள். பிறகு மெக்கர் வைத்து வயரின் காப்பு சோதிப்பது, எர்த் சோதிப்பது, உச்சி வெயிலில் வெப்பக் கேமராவால் இணைப்புகளைப் பார்ப்பது. வேறு வேறு கம்பெனிக் கனெக்டர்களை ஆணும் பெண்ணுமாகச் சேர்த்துவிட்டிருந்தால் அந்த இடம் தனியாகச் சுடும். பழுப்பேறி, உருகி, ஒருநாள் தீயாகவும் பிடிக்கும். இந்த வேலைக்கு வரும் பையன்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: தம்பி, மெயினை இறக்கினாலும் பேனல் இறங்காது. வெயில் இருக்கும்வரை அந்த வயரில் 600 வோல்ட், 800 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். லோடு ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி வளைவாக எழுந்து, அணையாமல் நிற்கும்.

இப்படிப் பார்க்கப் பார்க்க, முன்னால் இருந்தவர் மேல் கோபம் வரும். எங்கள் தொழிலில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. போனதும் முதலில் உதட்டைப் பிதுக்குவது, “யார் சார் இதைப் போட்டது?” என்று கேட்பது. கேட்டவுடன் நம் மதிப்பு கூடியதுபோல் தோன்றும். எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. மிகக் குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்தவன், மார்ச் 31க்குள் முடித்தாக வேண்டும் என்று விரட்டப்பட்டவன், கடைசித் தவணைப் பணம் வராமல் நின்றவன் என்று பலர் அந்தக் கூரையில் ஏறி இறங்கியிருப்பார்கள். சித்திரை வெயிலில் சுடும் ஷீட்டின் மேல் உட்கார்ந்து போல்ட் முறுக்கியவனின் முகம் நமக்குத் தெரியாது. பிழையைப் பிழை என்று எழுதத்தான் வேண்டும், ஆளைத் தூற்றுவதால் ஒரு யூனிட்கூடக் கூடாது.

செம்மங்குப்பத்துக் கூரையில் எனக்கு ஆளே கிடைத்தார் என்று சொல்லலாம், கையெழுத்தாக. ஸ்ட்ரிங் வயர்கள் வந்து சேரும் பெட்டியைத் திறந்தபோது மூலையில் காய்ந்த குளவிக்கூடும், ஃபியூஸ் வரிசைக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டை ஓடுகளும் இருந்தன. கதவின் உட்புறத்தில், பெயின்ட் மேல், பென்சிலால் சாய்ந்த எழுத்தில் ஒரு குறிப்பு. நாலாவது லைன் மழை பெய்தால் மட்டும் நிற்கும், வெயில் வந்தால் தானே வரும், ஏழாவது பேனலுக்குக் கீழே வயரைப் பார்க்கவும் என்று இருந்தது. பெயர் இல்லை. கீழே இரண்டு தேதிகளில் எர்த் அளவு.

போய்ப் பார்த்தோம். ஏழாவது பேனலுக்கடியில், வயர் போகும் தகரப் பாதையின் வெட்டு விளிம்பு அதன் மேலுறையை நூல் அளவுக்கு அறுத்திருந்தது. மழை ஈரம் அதற்குள் இறங்கும்போது காப்பு குறையும். இன்வெர்ட்டர் அதைக் கண்டுபிடித்துத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஈரம் உலர்ந்ததும் ஒன்றும் நடவாததுபோல் ஓடும். வெயில் நாளில் எத்தனை முறை அளந்தாலும் சிக்காத பழுது இது. அந்தப் பென்சில் வரி இல்லாவிட்டால் ஐப்பசி அடைமழை வரை காத்திருந்து, நனைந்துகொண்டே தேடியிருப்போம்.

அதை எழுதியவருக்கு அன்றைக்கு அதைச் சரிசெய்ய நேரமோ பொருளோ அனுமதியோ இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் தான் இனி இந்தக் கூரைக்கு வராமல் போகலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தனக்குப் பின் ஒருவர் இந்தக் கதவைத் திறப்பார் என்றும் நினைத்திருக்கிறார். அந்த ஒருவருக்காக, முகம் தெரியாமல், கூலி இல்லாமல், பென்சிலை எடுத்திருக்கிறார். இந்தத் தொழிலில் நான் கண்ட மிக உயர்ந்த செயல் அதுதான்.

செம்மங்குப்பம் என்ற பெயரைத் தமிழ்நாடு முழுதும் அறிந்தது வேறொரு காரணத்தால். 2025 ஜூலை 8 காலையில் இங்குள்ள ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த வழியாகப் போகும்போது இன்றும் பேச்சு நின்றுவிடுகிறது. அது அப்போது இன்டர்லாக் இல்லாத கேட். இன்டர்லாக் இருந்தால், கேட் உண்மையில் மூடிப் பூட்டியிருந்தால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும். இல்லாத இடத்தில் கேட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவே இருப்பது ஃபோனில் சொல்லும் சொல் மட்டும். யார் குற்றம் என்பதை முடிவு செய்வது என் வேலை இல்லை. ஒரு பொருள் இருக்கும் நிலைக்கும், அதைப் பற்றி எழுதப்படும், சொல்லப்படும் நிலைக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் விழக்கூடும் என்பதை அந்த இடத்தில் நிற்கிறவர் உணராமல் இருக்க முடியாது. பராமரிப்புப் பதிவேட்டில் “சரி” என்று டிக் போடுவது நொடி வேலை. கூரைக்கு ஏறாமலே போடலாம். விபத்துக்குப் பின் ரயில்வே எல்லா கேட்டுகளிலும் கேமரா வைக்கவும், கேட்டுக்கும் நிலையத்துக்குமான பேச்சுப் பதிவுகளைத் தினமும் எடுத்துச் சரிபார்க்கவும் உத்தரவிட்டது. கேமராவின் கரண்டுக்குத் தேவையான இடங்களில் சோலாரும் பேட்டரியும் வைக்கலாம் என்றும் சொன்னது. அந்தச் சின்ன பேனலிலும் தூசி படியும், அந்தப் பேட்டரியும் தேயும். அவற்றைப் போட்டவரிடமிருந்து ஒருநாள் வேறொருவர் ஏற்பார்.

இப்படி ஏற்பதும் ஒப்படைப்பதும் நமக்குப் புதிது இல்லை. சிதம்பரத்துக்குத் தென்மேற்கே காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் ஏரி கிடக்கிறது. முதலாம் பராந்தகச் சோழனின் காலத்தது, அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரைச் சுமப்பது. கொள்ளிடத்து நீரை வடவாறு கொண்டுவந்து சேர்க்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக வயலுக்குப் பாய்ந்து, இப்போது சென்னைக்குக் குடிநீராகவும் போகிறது. வெட்டியது ஒரு தலைமுறை. தூர் எடுத்து, கரை உயர்த்தி, மதகு மாற்றி அதை ஏரியாகவே வைத்திருந்தவர்கள் முப்பது, நாற்பது தலைமுறை. அவர்கள் பெயர் ஒன்றும் நமக்குத் தெரியாது.

அதே பராந்தகனின் ஆட்சியில் 919, 921 ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் பேர்பெற்றவை. பாடப் புத்தகத்தில் நாம் படித்தது தேர்தலைத்தான். என் கண் நிற்பது அதில் வரும் ஏரி வாரியத்தின் மேல். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழு 360 நாள் இருக்கும், பிறகு வேறு ஆட்கள் வருவார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் போடக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது. திருட்டு நிரூபணமாக வேண்டும் என்றுகூட இல்லை, கணக்குக் காட்டாமல் போனதே போதும் தள்ளிவைக்க. ஏரியை வருடாவருடம் கைமாற்றிய ஒரு சபை, எந்த இடத்தில் அறுந்தால் எல்லாம் அறும் என்பதைச் சரியாகக் கண்டிருக்கிறது.

இன்னொன்றையும் அந்தக் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில் பார்க்கலாம். விளக்கெரிக்க ஆடு விட்டவர், ஏரிக்குப் பொன் வைத்தவர், நிலம் கொடுத்தவர் எல்லோரும் தம் அறத்தைச் சொல்லி முடித்தபின், இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்ற பொருளில் ஒரு வரி வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தவர் தலை குனிகிறார், இன்னும் பிறக்காத, பெயர் அறியாத ஒருவரின் காலுக்குக் கீழே. அரசர்களும் இதையே வெட்டினார்கள். செய்து முடிப்பதால் ஒரு காரியம் பிழைப்பதில்லை, யாரோ ஒருவர் ஏற்பதால்தான் பிழைக்கிறது என்று செய்தவருக்கே தெரிந்திருந்ததால் வந்த பணிவு அது. இன்று திறப்பு விழாக் கல்லில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கிறது, போட்ட நிறுவனத்தின் பெயரும் இருக்கிறது. காக்கப்போகிறவருக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. பென்சிலால் எழுதிய அந்தப் பெயரில்லாத மனிதர், தமக்குத் தெரியாமலே, அந்தப் பழைய வரியின் மறுபாதியை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். முன்னவர் பின்னவரை வணங்கினார். இவர் பின்னவருக்கு வழி சொன்னார்.

நாலாவது லைனின் வயரை மாற்றி, விளிம்புக்கு ரப்பர் வைத்து மூடினோம். எல்லா ஸ்ட்ரிங்கின் அளவையும் எடுத்து ஒரு பிரதி முதலாளியின் பீரோவிலும், ஒரு பிரதி அதே பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையிலும் வைத்தோம். இணையக் கணக்கு இப்போது கம்பெனியின் மின்னஞ்சலில் இருக்கிறது, என்னுடையதில் இல்லை. நாளை என்னை மாற்றினால் புதிதாக வருபவர் முதல் நாளே வேலையைத் தொடங்கலாம்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளின் மாடியில் சோலார் வைப்பதை இலக்காகக் கொண்டது. போட்ட நிறுவனம் 5 வருடம் பராமரிக்க வேண்டும் என்பது விதி. 2029இல் அந்த ஐந்து வருடங்கள் ஒவ்வொரு வீடாக முடியத் தொடங்கும். கடலூரிலும் சிதம்பரத்திலும் மொட்டைமாடிகளில் ஏறப்போகிற பையன்கள் இப்போது ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மீட்டர் பிடிக்கக் கற்றுத்தருகிறோம். அளந்ததை இன்னொருவர் படிக்கும்படி எழுதிவைக்கவும் அதே வகுப்பில், அதே மதிப்பெண்ணோடு கற்றுத்தர வேண்டும். இன்று பேனல் போடுகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்தப் பெட்டிக் கதவின் உட்புறத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.