இடைவெளியும் பொறுப்பும்

நெடுஞ்சாலையில் ஒருவன் இன்னொருவனுக்குச் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றே ஒன்று: இடைவெளி விடுவது. முகம் தெரியாது, பேச வழியில்லை. முன்னால் போகிறவனுக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவே நான் விட்டுவைக்கும் வெற்றுச் சாலைதான் அவனைப் பற்றிய என் அபிப்பிராயம் முழுவதும். ஜெர்மனியில் இதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். வேகமானி காட்டும் எண்ணில் பாதி, மீட்டர் கணக்கில். 130 கிலோமீட்டர் வேகத்தில் 65 மீட்டர். அந்த வேகத்தில் விநாடிக்கு 36 மீட்டர் கடந்துவிடுகிறோம் என்பதால், ஆட்டோபானில் ஒருவன் அடுத்தவனுக்குத் தரும் மரியாதை இரண்டு விநாடிக்கும் குறைவானது. மிகவும் நெருங்கினால் அபராதம் உண்டு. சட்டத்தால் அளக்க முடிந்தது மீட்டர் மட்டும்தான். அந்த மீட்டர்களைக் கணந்தோறும் புதுப்பித்துக்கொண்டிருக்கும் கவனத்தை அது அளப்பதில்லை.

இந்த இடைவெளியை யந்திரத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாடு கார்களில் 1990களிலேயே வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளுக்கு வர 2020 ஆயிற்று. பொலோன்யாவின் டுகாட்டி அந்த ஆண்டு அறிவித்த மல்டிஸ்ட்ராடா வி4 வண்டியில் முன்னும் பின்னும் ரேடார் இருந்தது. அடுத்த ஆண்டு பி.எம்.டபிள்யூ தன் நெடும்பயண வண்டியான ஆர் 1250 ஆர்டியில் முன்ரேடார் வைத்தது. அடாப்டிவ் க்ரூஸ் கண்ட்ரோல் என்று பெயர். ஓட்டுபவன் வேகத்தைச் சொல்லிவிடுகிறான். எவ்வளவு தள்ளிப் போகவேண்டும் என்பதை மூன்றோ நான்கோ படிகளில் ஒன்றாகத் தேர்ந்துகொள்கிறான். ரேடார் அலை முன்வண்டியில் பட்டுத் திரும்புகிறது. தூரமும் வேக வித்தியாசமும் தெரிந்துவிடுகின்றன. முன்வண்டி தாமதித்தால் இதுவும் தாமதிக்கிறது, வேண்டுமானால் பிரேக் போடுகிறது. வழி விட்டதும் பழைய வேகத்துக்கு வந்துவிடுகிறது. கை சும்மா இருக்கலாம்.

மோட்டார் சைக்கிள்காரர்களில் ஒரு சாரார் இதை அபசாரமாகக் கருதுகிறார்கள். காற்றையும் ஆபத்தையும் நேருக்கு நேர் சந்திக்கத்தானே இரண்டு சக்கரத்தில் ஏறினோம், இதில் ரேடாருக்கு என்ன வேலை என்பது அவர்கள் கட்சி. இது ஏக்கமே தவிர வாதமல்ல. மனிதனின் கை அப்படியொன்றும் புனிதமானதல்ல. அதற்குக் கோபம் வருகிறது. குறுக்கே புகுந்தவனை மிரட்ட அவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிறது. ரேடாருக்கு வன்மம் கிடையாது. அவமதித்தவனுக்கும் அது அதே இடைவெளியைத்தான் விடுகிறது.

க்ரூஸ் கண்ட்ரோலின் பூர்வீகமே இந்தக் கையின் மீதான புகாரில்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதில் விபத்தொன்றில் பார்வையை இழந்தவர். பேசும்போது வேகத்தைக் குறைத்தும் கேட்கும்போது கூட்டியும் காரோட்டிய தன் வக்கீலின் பக்கத்தில் உட்கார்ந்து பட்ட அவஸ்தைதான் தூண்டுதல் என்று சொல்வார்கள். 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிரைஸ்லரின் இம்பீரியல் காரில் அது வந்தது. ஒருவனுடைய மனப்போக்கை இன்னொருவன் உடம்பால் அனுபவிக்க வேண்டியிருப்பதற்கு எதிராக, சாலையைப் பார்க்க முடியாத ஒருவரிடமிருந்து பிறந்த சாதனம் அது. மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் நாள் முழுவதும் உட்கார்ந்து வருகிறவருக்கு இதன் நியாயத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஆகவே உபயோகிப்பது தப்பா என்பதல்ல பிரச்னை. பிரச்னை வேறிடத்தில் இருக்கிறது. ஏற்கனவே நின்றுகொண்டிருக்கும் வண்டியை ஆர் 1250 ஆர்டியின் சாதனம் கணக்கில் கொள்ளாது. நெரிசலில் நின்றுவிட்ட வரிசையின் கடைசி வண்டி, சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டி ஆகியவற்றுக்கு ஓட்டுபவனே பிரேக் போடவேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார். இது அலட்சியமல்ல. பாலம், கைகாட்டிப் பலகை, ஓரத் தடுப்பு எல்லாமே ரேடாருக்கு அசையாத பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓடாது. ஆகவே அசைவதை மட்டும் இருப்பதாக எடுத்துக்கொள்ளும்படி அதற்குக் கற்பித்திருக்கிறார்கள். மிக ஆபத்தான பொருள் அதன் உலகத்தில் இல்லை. அதைப் பார்க்கவேண்டியது நாம். எந்த நிலையில்? மூன்று மணி நேரம் எதையும் பார்க்கவேண்டிய அவசியமில்லாமல் இருந்த பிறகு.

இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களில் ரேடார் திரையைப் பார்த்து நீர்மூழ்கிகளைத் தேடிய வீரர்கள், சிறிது நேரத்தில் கண்முன் வந்ததையே தவறவிட்டார்கள். ஏன் என்று ஆராய்ந்த நார்மன் மாக்வொர்த், ஒரு முள் எப்போதாவது இரட்டைத் தாவலாகத் தாவும் கடிகாரத்தை ஆட்களைப் பார்க்கவைத்தார். அரை மணியிலேயே அவர்கள் கவனம் சரியத் தொடங்குவதை 1948இல் எழுதினார். அன்று மனிதன் ரேடாரைப் பார்த்தான். இன்று ரேடார் சாலையைப் பார்க்கிறது. மனிதன் அது பார்க்கிறதா என்று பார்க்கவேண்டும். இதிலுள்ள முரணை லிஸான் பெய்ன்பிரிட்ஜ் 1983இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். சுலபமான வேலையெல்லாம் யந்திரத்துக்குப் போய்விட, மிகக் கடினமானது மட்டும் மனிதனுக்கு மிஞ்சுகிறது. அதைச் செய்யும் பழக்கமோ அவனிடமிருந்து போய்க்கொண்டிருக்கிறது. ரேடாரோடு காமிராவும் சேர்ந்து குருட்டிடம் சுருங்கலாம். சுருங்கச் சுருங்க அந்தத் தருணம் அபூர்வமாகும். அபூர்வமாக ஆக, நாம் அதற்குத் தயாராக இருப்பதும் குறையும்.

இங்கே பொறுப்பு என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிடுகிறது. நான் செய்வதற்கு நான் பொறுப்பு என்பது பழைய அர்த்தம். யந்திரம் செய்கிறது, தவறினால் நான் பொறுப்பு என்பது புதிது. செயல் அதற்கு, பழி எனக்கு. பழி ஏற்பதையே பொறுப்பு என்று நினைத்துவிட்டால், பொறுப்பு விபத்துக்குப் பிறகு மட்டும் வருகிற ஒன்றாகிவிடும். அதுவரை அது எங்கே இருந்தது? இதற்கு முன் அது கையில் இருந்தது. ஆக்ஸிலேட்டரை இம்மியளவு தளர்த்துவதில், இரண்டு விரலை பிரேக்கின் மேல் வைத்திருப்பதில் இருந்தது. நல்லெண்ணமாக மட்டும் அதைச் சேமித்துவைக்க முடியாது.

காரை விட மோட்டார் சைக்கிள் இதில் நேர்மையானது என்று தோன்றுகிறது. காரில் யந்திரம் எவ்வளவு பலமாகப் பிரேக் போட்டாலும் உட்கார்ந்திருப்பவனைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும். இரண்டு சக்கரத்தில் அப்படியில்லை. பிடியைத் தளர்த்தியிருக்கும் மனிதனைக் கேட்காமல் பலமாகப் பிரேக் போட்டால் அவன் நிலைகுலைந்துபோவான். அதனால் இந்த வண்டிகளில் ரேடாரின் பிரேக்கை மிதமாக்கியே வைத்திருக்கிறார்கள். வளைவில் வண்டி சாயும்போது அதையும் குறைத்துவிடுகிறார்கள். யந்திரம் ஓர் எல்லைவரை போய் நின்றுகொண்டு, மேலே உன் உடம்பின் சம்மதம் வேண்டும் என்கிறது. கார் மறைத்துவிடுகிற அந்த எல்லை இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

பிர்ஸிக்கின் 1974ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் நாவலில் ஒரு நண்பர் வருகிறார். பி.எம்.டபிள்யூ ஓட்டுவார், அதன் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரிந்துகொள்ள மட்டும் மறுப்பார். இன்று அவருடைய வாரிசு, ரேடார் எதையெல்லாம் பார்க்கும் என்று தெரிந்துகொண்டு, எதைப் பார்க்காது என்பதை மறந்துவிட்டவன். அவனுக்கு எதிரே, ஏதோ ஒரு நெரிசலின் கடைசி வண்டியில் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். கண்ணாடியில் ஒரு முகப்பு விளக்கு நெருங்குவதைப் பார்க்கிறார். அதன் பின்னால் கை இருக்கிறதா, வெறும் எண் இருக்கிறதா என்று அவரால் அறிய முடியாது. அறிய முடிந்தவன் ஓட்டுகிறவன் ஒருவன்தான்.