வயதின் முத்திரை

இறக்கக்கண்டிக் கரையில் வலை பொத்திக்கொண்டிருப்பவரின் வயதை முகத்தைப் பார்த்துச் சொல்லப் புகுந்தால் நாம் பெரும்பாலும் தவறிவிடுவோம். 60 என்று நாம் மதித்தவருக்கு 45 தான் நடந்துகொண்டிருக்கும். வெயிலும் உப்புக்காற்றும் தோலில் எழுதிய கணக்கு அது. அத்தகைய கணக்கு இரத்தத்திலும் எழுதப்படுகிறது என்கிறது இன்றைய விஞ்ஞானம்.

நோயை எதிர்க்கும் படையின் ஒரு பிரிவு டி அணுக்கள். நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவமடைந்து வெளிவரும் புதிய அணுவின் மேற்பரப்பில் சி.டி.28 என்னும் புரதம் இருக்கும். கிருமியை எதிர்த்தெழ அணுவுக்கு ஊக்கம் பெற்றுத் தருவது அதுவே. பன்முறை போரிட்டுப் பிளந்து பெருகிய அணு அதனை இழக்கிறது, சி.டி.57 என்ற வேறோர் அடையாளத்தை ஏற்கிறது. முதுமையில் இத்தகைய அணுக்கள் மிகுகின்றன. ஆயுள் முழுதும் உடலில் பதுங்கியிருக்கும் சைட்டோமெகலோ வைரசும் அவற்றைப் பெருக்குகிறது. தைமஸ் சுருங்கச் சுருங்கப் புதிய அணுக்களின் வரவும் குறைகிறது. ஆயினும் முத்திரை விழுந்த அணு செத்த அணு அன்று. கொல்லும் வலிமை அதற்கு இன்னும் உண்டு. அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் அது சுரக்கிறது என்பதே தொல்லை.

இந்த முத்திரையை இடுவது ஆண்டுகள் மட்டுமா? அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 5,744 பேரை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வொன்று வேறு விடை தருகிறது. வாழ்க்கை இடர்களுக்கும் பாகுபாட்டுக்கும் மிகுதியாக ஆளானவர்களிடம் புதிய அணுக்கள் குறைந்தும், களைத்த அணுக்கள் மிகுந்தும் காணப்பட்டன. உணவும் உடற்பயிற்சியும் இதில் ஓரளவு பங்கு கொண்டிருந்தன.

உடனே ஒரு குரல் எழும்: “நன்றாக உண்ணுங்கள், கவலையை விடுங்கள்.” யாருக்கு இந்த உபதேசம்? போரினால் பலமுறை இடம்பெயர்ந்த மாவட்டம் இது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அறைந்த கரை இது. இவற்றை இம்மக்கள் விரும்பித் தேர்ந்தார்களா? தேர்வு செய்யாத துயரின் விளைவை அவரவர் குற்றமாக்குவது அறமாகாது.

நாளை இம்முத்திரையைப் பார்த்து, “இவன் உழைக்கத் தகான்” என்று ஒருவரைத் தள்ளவும் முதலாளி துணியலாம். அன்று நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இம்மனிதனின் இரத்தத்தை இத்தனை விரைவில் மூப்படையச் செய்த வாழ்வை அமைத்தவர் யார்? அதற்கு விடை சொல்லாமல் அவனுக்கு மருந்து மட்டும் நீட்டும் சமுதாயம் தன் கடனைத் தீர்த்ததாகாது.