அளவுகோலும் அறமும்

எல்லாரையும் ஒரே கோலால் அளப்பதே நீதி என்பது பலரின் கருத்து. நடுவுநிலைமை உடைய சான்றோரைத் துலாக்கோலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். ஆயினும் துலாக்கோல் எடையைச் சொல்லுமேயன்றி, அவ்வெடை எதனால் ஆயது என்று சொல்லாது. மனித உடலை நிறுக்கும்போது இக்குறை ஓர் அறச்சிக்கலாகவே எழுந்து நிற்கிறது.

கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியெண். இதற்கு அடிப்படையான உறவை 1832இல் எடுத்துரைத்தவர் பெல்ஜிய அறிஞர் கெத்லே. அவர் தேடியது சராசரி மனிதனையே, நோயாளியை அன்று. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியபோது, அவ்வாய்வில் அளக்கப்பட்டோர் அனைவரும் ஆடவரே.

ஆனால் உடல்கள் ஒரே வார்ப்பில் அமைந்தவை அல்ல. உயிர்வாழ இன்றியமையாத கொழுப்பு ஆடவர்க்கு ஏறத்தாழ 3 விழுக்காடு. பெண்டிர்க்கோ ஏறத்தாழ 12 விழுக்காடு. மகப்பேற்றுக்கும் பாலூட்டலுக்கும் இயற்கை வைத்த சேமிப்பு அது. முப்பது வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை தேயக்கூடும். தேய்ந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிட்டால் தராசின் முள் அசைவதே இல்லை.

இனத்தின் வேறுபாடும் உண்டு. புனே நகர மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டிஷ் மருத்துவர் யட்கின் ஆகிய இருவரும் 2004இல் தங்களையே சான்றாக வைத்தனர். இருவர் குறியெண்ணும் 22.3. யட்கினின் உடற்கொழுப்போ 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கினுடையது 21.2. பாலினீசியத் தீவினரிடம் நிலை நேர்மாறு: அதே குறியெண்ணில் அவர்களுக்கு ஐரோப்பியரைவிடத் தசை மிகுதி.

இங்கே ஓர் அச்சம் எழுகிறது. இனத்துக்கு ஓர் அளவு என்று சொல்லத் தொடங்கினால், இனத்துக்கு ஒரு மதிப்பு என்ற பழைய தீமை மீண்டும் தலையெடுக்காதா? அச்சம் நியாயமானதே. ஆயினும் சமத்துவத்தின் பெயரால் வேறுபாட்டை மறைத்தால், மெலிந்த தோற்றமுடைய இந்தியரை அணுகிவரும் நீரிழிவு கண்ணுக்குப் படாமலே போகும். ஆகவேதான் 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு, 25, 30 என்னும் உலகப் பொது எல்லைகளை மாற்றாமல், ஆசியர்க்கு 23, 27.5 என்ற எச்சரிக்கை எல்லைகளையும் சேர்த்தது. சிங்கப்பூர் 2005இல் அவற்றை ஏற்றது.

அளவு எதற்காக என்பதே அறத்தின் வினா. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992இல் தொடங்கிய உடற்கட்டுத் திட்டம், எடை மிகுந்த சிறுவர்களைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்வித்தது. நோக்கம் நன்றே. ஆயினும் 'டாஃப்' என்ற அதன் சுருக்கப் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'கொழுத்தவன்' என்றே பொருள்பட்டது. கேலிக்கு அதுவே போதுமானதாயிற்று. 2007இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. உடலைக் காக்க வந்த எண், உள்ளத்தைப் புண்படுத்தும் முத்திரையாக மாறிய கதை அது.

ஒரே அளவு என்பதாலேயே அது நீதியாகிவிடாது. வேறு அளவு என்பதாலேயே அது உயர்வு தாழ்வும் ஆகிவிடாது. இந்தியர் என்பதனாலேயே ஒருவர் சராசரி இந்தியர் ஆவதுமில்லை. குறியெண், மருத்துவர் மேலும் கேட்டறிய வேண்டிய வினாவின் தொடக்கம். மனிதர்மீது எழுதப்படும் தீர்ப்பு அன்று. அளக்கும் கையில் அக்கறை இருந்தால்தான் கோல் செங்கோலாகும்.