இடங்கொடுத்தவரின் பொறுப்பு: திருகோணமலைத் துறைமுகமும் அணுவாயுத மறுப்பும்

ஒரு தீச்செயலைச் செய்தவர் அதற்குப் பொறுப்பாளர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதனைச் செய்வித்தவரும் பொறுப்பாளரே என்பதை அறநூல்களும் நீதிமன்றங்களும் ஒருங்கே ஏற்கின்றன. ஆனால், செய்யாமலும் செய்விக்காமலும், செய்பவருக்கு இடம் மட்டுமே கொடுத்தவரின் நிலை யாது? கள்வனென அறிந்தும் திண்ணையிற் படுக்க இடங்கொடுத்தவரை ஊர் குற்றஞ்சாட்டும். அறியாது கொடுத்தவரை மன்னிக்கும். அறிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் கேளாதிருந்தவரை ஊர் என்ன செய்வது? வீட்டுத் திண்ணையளவில் எழும் இவ்வினா, ஒரு துறைமுகத்தின் அளவில் எழும்போது எத்துணைப் பாரதூரமானதாகின்றது என்பதைத் திருகோணமலையைக் கொண்டு ஆராயலாம்.

திருகோணமலைத் துறைமுகம் இயற்கையின் கொடை. மலைகள் சூழ்ந்த உள்துறையும், கொட்டியாரக் குடாவின் ஆழமும், பெருங் கப்பற்படையொன்று புயலுக்கும் பகைவருக்கும் அஞ்சாது தங்குவதற்கு ஏற்றவை. இக்கொடையே அந்நகரின் துன்பத்துக்கும் காரணமாயிற்று. சுவாமி மலையிலிருந்த கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1622ஆம் ஆண்டில் இடித்தனர். ஆலயத்தின் கற்கள் கோட்டைச் சுவருக்குப் பயன்பட்டன. 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டிலோ, ஒரே ஆண்டுக்குள் ஆங்கிலேயரும் அவர்களையடுத்துப் பிரான்சியரும் அதனை வென்றனர். மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்று, 1795இல் ஆங்கிலேயர் கையில் நிலைபெற்றது. இத்தனை கைமாற்றங்களிலும் கரையிலிருந்த மீனவரிடமோ வயலிலிருந்த உழவரிடமோ எவரும் சம்மதம் கேட்டதில்லை. அக்காலத்தில் இத்துறைமுகம் கொடுக்கப்பட்டதன்று; எடுக்கப்பட்டது. எடுக்கப்பட்ட இடத்துக்கு உரியவர் மீது இடங்கொடுத்த பொறுப்பைச் சுமத்துதல் நியாயமன்று. அவர்களுக்கு வாய்த்தது துன்பம் மட்டுமே.

அத்துன்பத்தின் இயல்பை இரண்டாவது உலக மகாயுத்தம் வெளிப்படுத்தியது. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆந் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வரக்கூடுமென எச்சரிக்கை கிடைத்ததால், துறைமுகத்தில் நின்ற கப்பல்களுட் பல முன்னரே வெளியேறியிருந்தன. வெளியேறியும் தப்பாத ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. ஆயினும் ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. கப்பல் புறப்பட்டுச் செல்லக்கூடியது. நகரம் புறப்பட்டுச் செல்லக்கூடியதன்று. எச்சரிக்கை கப்பலை விடுவிக்கும். நகரை அங்கேயே விட்டுச்செல்லும். சீனக்குடாவில் பிரித்தானியர் அமைத்த பாரிய எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் எஞ்சியுள்ளன. அத்தாக்குதலில் எரிந்த தாங்கியொன்றின் துருவேறிய எச்சமும் காட்டிடையே கிடக்கின்றது. நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்தில் படையினரின் பெயர்கள் கல்லில் உள்ளன. அன்று குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய நகரத்தாரின் அச்சம் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

அன்று விழுந்தவை சாதாரணக் குண்டுகள். மூன்றாண்டுகளின் பின், 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆந் திகதி ஹிரோசிமாவிலும் 9ஆந் திகதி நாகசாகியிலும் விழுந்தவை அணுகுண்டுகள். ஹிரோசிமாவில் மட்டும் அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 140,000 பேர் மாண்டனரென மதிப்பிடப்படுகின்றது. அவ்விரு நகரங்களும் துறைமுக நகரங்களே. ஹிரோசிமாவின் ஊஜினாத் துறையிலிருந்து படைகள் கப்பலேறின. நாகசாகியிற் கப்பல் கட்டும் தளங்கள் இருந்தன. நாகசாகி அன்றைய முதல் இலக்கும் அன்று. கொக்குரா நகரை மூடியிருந்த முகிலும் புகையுமே விமானத்தை அங்கு திருப்பின. படைக்கு இடங்கொடுக்கும் நகரம் பகைவரின் வரைபடத்தில் ஒரு புள்ளியாகின்றது. அப்புள்ளியில் வாழ்வோரின் விருப்பு வெறுப்பு அவ்வரைபடத்திற் குறிக்கப்படுவதில்லை.

1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அன்றிலிருந்து நிலைமையின் அறத்தன்மை மாறிவிட்டது. மறுக்கும் ஆற்றல் இல்லாதிருந்தவருக்கு அவ்வாற்றல் வந்துசேரும்போது பொறுப்பும் உடன்வருகின்றது. இலங்கை அப்பொறுப்பை உணர்ந்ததற்குச் சான்றாக, இந்துசமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனஞ் செய்யுமாறு அது ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் முன்வைத்த பிரேரணை விளங்குகின்றது. 1971ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி அப்பிரகடனம் நிறைவேறியது. ஆதரித்தவை 61 நாடுகள், எதிர்த்தவை எவையுமில்லை, வாக்களியாது ஒதுங்கியவை 55. எதிர்ப்பின்மை சம்மதமாகாது என்பதற்கு இவ்வொதுங்கலினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. அதே காலப்பகுதியில், 1968 முதல் 1973 வரை, டியேகோ கார்சியாவை உள்ளடக்கிய சாகோசு தீவுகளிலிருந்து அங்கு வாழ்ந்த மக்கள் அகற்றப்பட்டனர். டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் எழுந்தது. திருகோணமலையில் நகரத்தாரைக் கேளாமல் படை தங்கியது. அத்தீவிலோ படை தங்குவதற்காகக் குடிகளே இல்லாமல் ஆக்கப்பட்டனர். பிரித்தானியா அத்தீவுக் கூட்டத்தின் நிருவாகத்தை விரைவில் முடிவுறுத்த வேண்டுமென 2019ஆம் ஆண்டில் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது.

1987ஆம் ஆண்டு யூலை 29ஆந் திகதி இலங்கை இந்திய உடன்படிக்கையுடன் பரிமாறப்பட்ட கடிதங்களிலும் திருகோணமலை இடம்பெற்றது. இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் அத்துறைமுகம் அளிக்கப்படலாகாது என்பது அதன் சாரம். இதுவும் ஒரு மறுப்பே. எனினும் அது அண்டை நாட்டின் நலனை முன்னிட்ட மறுப்பு. அணுவாயுதந் தாங்கிய கப்பலொன்று எக்கொடியுடன் வந்தாலும் கரையிலுள்ள நகரத்துக்கு அதனால் வரும் ஆபத்து ஒன்றே. அதே வங்கக் கடலின் கரையிலுள்ள விசாகப்பட்டினத்தில் 2009ஆம் ஆண்டு அரிகந்த் என்னும் இந்திய அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் கடலிலிறக்கப்பட்டதை நினைவுகூரின், இவ்வேறுபாட்டின் முக்கியத்துவம் தெளிவாகும்.

இனி, இடங்கொடுப்பவர் எவ்வாறு அறிந்துகொள்வது என்ற பிரச்சினை எழுகின்றது. தமது கப்பல்களில் அணுவாயுதம் உண்டெனவோ இல்லையெனவோ கூறாதிருத்தலே வல்லரசுக் கடற்படைகளின் நெடுநாட் கொள்கை. இக்கொள்கை இடங்கொடுப்பவரை அறியாமையிலேயே வைத்திருந்து, அவ்வறியாமையையே அவரது மன்னிப்பாகவும் ஆக்கிவிடுகின்றது. இச்சூழ்ச்சியை உடைத்த துறைமுக நகரம் யப்பானின் கோபே. தன் துறையை நிருவகிக்கும் அதிகாரமுடைய அந்நகரின் மன்றம், அணுவாயுதந் தாங்கிய கப்பல்களுக்கு இடமில்லையென 1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் தீர்மானித்தது. அணுவாயுதம் இல்லையெனச் சான்று தரும் அந்நியப் போர்க்கப்பலே உள்நுழையலாம் என்பது அதன் விதி. நகரம் எக்கப்பலையும் சோதிக்கவில்லை, எவரையும் குற்றஞ்சாட்டவில்லை. வாசலில் நின்று ஒரு வினாவை மட்டும் கேட்டது. அதன் பின் நீண்ட காலம் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அத்துறையை நாடவில்லை. பதில் கூற மறுத்தலும் ஒரு பதிலே என்பதைக் கோபே காட்டிற்று.

திருகோணமலையின் உள்ளூராட்சி மன்றத்துக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. துறைமுகம் அரசின் கையிலும் கடற்படையின் கையிலும் உள்ளது. அங்ஙனமாயின், அங்குள்ள சிறியதொரு சமாதானக் குழு ஓராண்டு முயன்று சாதிக்கக்கூடியது யாது? ஓகஸ்ட் 6ஆந் திகதி கடற்கரையில் விளக்கேற்றலாம். பாடசாலைகளில் ஹிரோசிமாவின் கதையைச் சொல்லலாம். கையொப்பந் திரட்டி அமைச்சுக்கு மனு அனுப்பலாம். வருகின்ற ஒவ்வொரு போர்க்கப்பலையும் பற்றிக் கேள்வி எழுப்பலாம். ஆண்டிறுதியில் உலகிலுள்ள அணுகுண்டுகளில் ஒன்றும் குறைந்திராது. ஆகவே இது வீண்முயற்சி என்பது முதலாவது ஆட்சேபம்.

இவ்வாட்சேபத்துக்கு வரலாறு இருவகையாக விடையிறுக்கின்றது. நியூசிலாந்தில் ஊர்தோறும் இயங்கிய சிறு குழுக்கள் தத்தம் உள்ளூர் மன்றங்களைக் கொண்டு அணுவாயுதமற்ற பிரதேசங்களைப் பிரகடனப்படுத்தின. 1984ஆம் ஆண்டளவில் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அத்தகைய பிரதேசங்களில் வாழ்ந்தனர். அம்மன்றங்களுக்குக் கடற்படையைத் தடுக்கும் அதிகாரம் இருக்கவில்லை. ஆயினும் அடுத்த ஆண்டில் அந்நாட்டரசு அமெரிக்கப் போர்க்கப்பலொன்றுக்கு அனுமதி மறுத்தது. 1987இல் அம்மறுப்புச் சட்டமாயிற்று. இது வென்ற கதை. தோற்ற கதையும் ஒன்றுண்டு. மன்னார்க் குடாவின் மறுகரையில், கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரை மக்கள் 2011ஆம் ஆண்டு ஓகஸ்டிலிருந்து போராடினர். தேவாலய முன்றிலில் ஆண்டு முழுவதும் முறைவைத்து உண்ணாவிரதம் இருந்தனர். 2012ஆம் ஆண்டு செப்டெம்பரிற் பொலிசார் அவர்களைக் கலைத்தபின் கடல்நீரில் இறங்கி நின்றனர். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் பதிவாயின. அடுத்த ஆண்டில் உலை இயங்கத் தொடங்கியது. மின்சாரத்துக்கான உலையும் கொல்வதற்கான குண்டும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால், ஆபத்தைச் சுமப்பவரின் சம்மதம் வேண்டுமா என்ற வினா இரண்டிற்கும் பொது. அம்மக்கள் உலையைத் தடுக்கவில்லை. ஆயினும் உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு மே மாதம் உலைக்கு அனுமதியளித்தபோது, பாதுகாப்புக் குறித்துப் 15 பணிப்புரைகளையும் விதிக்க நேர்ந்தது. சம்மதம் தரப்படவில்லை என்பது ஆவணமாயிற்று. மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கிடும் உலகில் இது சிறிய காரியமன்று.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. வல்லரசுகளின் அணுவாயுதங்களே 1945இன் பின்னர் பெரும்போரைத் தடுத்துவைத்துள்ளன; அச்சமாதானத்தின் பயனை நுகரும் சிறுநாடு, அதனைக் காக்கும் கப்பலுக்குத் தண்ணீரும் எண்ணெயும் மறுப்பது நன்றிகேடு என்பர். ஆனால் அந்தச் சமாதானம் எதன்மீது தங்கியிருந்தது? 1962ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆந் திகதி, கியூபாவுக்கருகே அமெரிக்கக் கப்பல்களாற் சூழப்பட்ட சோவியத் நீர்மூழ்கிக் கப்பலொன்றில், அணுவாயுத டோர்பிடோவை ஏவக் கப்பற்றலைவர் எண்ணியபோது, ஆர்க்கிப்போவ் என்னும் அதிகாரி இணங்காமையாற் பேரழிவு தவிர்ந்ததாக அறியப்படுகின்றது. ஒரு மனிதனின் நிதானத்தில் தொங்கியதைப் பாதுகாப்பு எனல் பொருந்தாது. அன்றியும், நன்மை யாவர்க்கும் பகிரப்பட, ஆபத்து மட்டும் கேட்கப்படாத சில நகரங்கள்மீது குவிக்கப்படின், அந்த ஏற்பாடு பயனுடையதாயினும் நீதியுடையதாகாது.

மூன்றாவது ஆட்சேபமே நெஞ்சைச் சுடுவது. 1971இல் சமுத்திரத்துக்குச் சமாதானங் கோரிய நாட்டில் 1983 முதல் 2009 வரை உள்நாட்டு யுத்தம் நிகழ்ந்தது. திருகோணமலை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தவரும் ஊரிழந்து ஓடினர். 2006ஆம் ஆண்டில் மூதூரும் சம்பூரும் அடுத்தடுத்து வெறுமையாயின. அயலவருடன் சமாதானம் காணாதவர் அணுவாயுதத்தைப் பற்றிப் பேசுவது பாசாங்கு அன்றோ?

இதிலுள்ள உண்மையை மறுத்தலாகாது. ஆயின் அது நிறுவுவது, சமாதானம் பேசுவோர் வாய்மூட வேண்டும் என்பதையன்று; அவர்தம் பேச்சு வீட்டிலிருந்தே தொடங்கவேண்டும் என்பதையே. குண்டு விழுந்த ஊரார் குண்டைப் பற்றிப் பேச உரிமையற்றோரெனின், அவ்வுரிமை குண்டின் ஒலியைக் கேளாதவர்க்கே எஞ்சும். மேலும், உள்நாட்டுப் போருக்கும் அணுவாயுதத்துக்கும் அடியில் ஒரே எண்ணம் உறைகின்றது: எதிரிலுள்ள நகரில் வாழ்வோர் தனித்தனி மனிதரல்லர், ஓர் இலக்கு என்னும் எண்ணம். கொட்டியாரக் குடாவின் இருகரையிலும் வாழும் மூவினத்தவரும் ஒரே மனுவிற் கையொப்பமிடுவராயின், அம்மனு அமைச்சினை அடையுமுன்னரே ஒரு பணியை முடித்துவிடும். அக்கடலில் அணுகுண்டு விழுமாயின் எக்கரையில் எவ்வினத்தார் வாழ்கின்றனர் என்பது பொருளற்றதாகிவிடும். அந்த உண்மையை முன்கூட்டியே உணர்தல்தான் அவர்களை ஒன்றுசேர்க்கக்கூடியது.

2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கை அணுவாயுதத் தடை உடன்படிக்கையில் இணைந்தது. தன் ஆள்புலத்தில் அணுவாயுதங்களை நிலைகொள்ளச் செய்ய எந்த நாட்டையும் அனுமதிப்பதில்லை என்பது அவ்வுடன்படிக்கையின் கடப்பாடுகளில் ஒன்று. ஆனால், அணுவாயுதந் தாங்கிய கப்பல் சில நாள் துறையில் தங்கிச் செல்வதைப் பற்றி அதன் வாசகம் வெளிப்படையாக எதுவும் கூறவில்லை. ஓரிரவு திண்ணையிற் படுக்க விடுதல் இடங்கொடுத்தல் ஆகுமா என்ற பழைய வினா, இவ்வாறு சர்வதேசச் சட்டத்தின் வாசலிலேயே மீண்டும் வந்து நிற்கின்றது.

சட்டம் மௌனமாயிருக்குமிடத்தில் மனச்சாட்சி பேசுதல் வேண்டும். துறைமுகத்தின் ஆழத்தை மனிதர் தோண்டவில்லை. அது அவர்களுக்குப் பெருமையுமன்று, குற்றமுமன்று. அவ்வாழத்தில் எது நங்கூரமிடுகின்றது என்பதோ மனிதர் பொறுப்பு. அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நகரத்தாரிடம் இல்லாதிருக்கலாம். கேட்கும் கடமை அவர்களை விட்டு நீங்குவதில்லை. விடை கிடையாதெனினும் ஆண்டுதோறும் அவ்வினாவைக் கேட்டுக்கொண்டிருப்பவர், அறிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் கேளாதிருந்தவர் ஆகார். கப்பல் வந்து போகும். போனபின்னும் அக்கரையில் வாழவேண்டியவர்கள் அவர்களே.