இரண்டு கணக்கும் ஒரு மெய்யும்

ஒரு பொருளைப் பற்றி மாறுபட்ட இரண்டு கூற்றுகள் ஒருங்கே உண்மையாக முடியுமா? முடியும் என்று துணிந்து விடை சொன்னவர்கள் சமணர்கள். அவர்களுடைய அநேகாந்தவாதம் இக்கேள்வியின்மேல் எழுந்த கொள்கை. நாஞ்சில் நாட்டுக் கோட்டாறு அச்சமயத்தின் பழைய இருப்பிடங்களுள் ஒன்று. கழுகுமலை வட்டெழுத்துக் கல்வெட்டுகள் திருக்கோட்டாற்றுச் சமணக் குரவர்களைக் குறிப்பிடுகின்றன. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர் உருவங்கள் இன்றும் உள்ளன.

பொருள் பல தன்மைகளை உடையது என்பது சமணர் துணிபு. அதை முழுமையாக அறிவது பிரமாணம். ஒரு நிலையில் நின்று அறிவது நயம். நயம் தன் எல்லைக்குள் மெய்யே. தான் கண்டதே முழுமை என்று பிற நிலைகளை மறுக்கும்போது அது துர்நயமாகிறது. சங்கரர் தம் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் இதை மறுத்தார்: சூடும் குளிரும் போல முரண்பட்ட தன்மைகள் ஒரு பொருளில் ஒருசேர இருக்க முடியாது என்பது அவர் வாதம்.

இவ்வழக்கைத் தெளிவாகச் சோதிக்க இன்றைய கணினி வலையமைப்பில் ஒரு களம் உண்டு. ஈதர்நெட் ஃபிரேம் (வலையமைப்பில் செல்லும் தரவுப் பொதி) ஒன்று வழக்கமாகச் சுமக்கும் தரவின் உச்சம் 1500 பைட். ஜம்போ ஃபிரேம் ஏறத்தாழ 9000 பைட் சுமக்கும். ஐ.இ.இ.இ. 802.3 தரநிலை இந்த ஜம்போ அளவை வரையறுக்கவில்லை. எதை எண்ணிக்கையில் சேர்ப்பது என்பதை நிறுவனங்களே முடிவு செய்தன. சிஸ்கோவின் ஐஓஎஸ் காட்டும் எம்டியு (ஒருமுறையில் அனுப்பக்கூடிய உச்ச) அளவில் 14 பைட் ஈதர்நெட் தலைப்பு சேராது. ஜூனிபரின் ஜூனோஸ் இடைமுகத்துக்குக் காட்டும் அளவில் சேரும். இரண்டிலும் 9000 என்று அமைத்தால், முன்னது 9000 பைட் தரவுக்கு இடம் தரும்; பின்னது 8986 பைட்டுக்கே தரும்.

இரு பக்கமும் இப்படி ஒவ்வாதிருக்கும் பிழை எளிதில் வெளிப்படாது. சிறிய பாக்கெட்டுகள் தடையின்றிப் போகும். பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் இணைப்பு நின்றுவிடும். அளவு மீறிய ஃபிரேமை ஸ்விட்ச் அனுப்பியவருக்கு அறிவிக்காமலே கைவிடுகிறது. ஆகவே துண்டாக்கத்தைத் தடுத்து 8972 பைட் பிங் (சோதனைப் பாக்கெட்) அனுப்ப வேண்டும்; ஐபி தலைப்பின் 20 பைட்டும் ஐசிஎம்பி தலைப்பின் 8 பைட்டும் சேர்ந்தால் 9000. அது போகாமல் 8958 போனால் குறைவது அந்த 14 பைட்தான். பிறகு வழியிலுள்ள ஒவ்வொரு ஸ்விட்சிலும் கைவிடப்பட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் இடம் தெரியும். ஜூனோஸ் பக்கம் 9014 என்று மாற்றினால் கணக்கு ஒத்துவரும். ஃபிரேமில் விலான் (மெய்நிகர் வலையமைப்பு) குறி இருந்தால், அதன் 4 பைட்டை அந்தக் கருவி எப்படி எண்ணுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

சங்கரரின் தடைக்கு விடை இங்கே கிடைக்கிறது. ஒரே நிலையில் நின்று ஃபிரேமுக்கு இரண்டு அளவு சொன்னால் அது முரண். அவர் சொன்னது சரி. தலைப்பைச் சேர்த்தும் சேர்க்காமலும் சொன்னால் முரணில்லை; சமணர் சொன்னதும் சரி. ஆனால் எல்லாக் கூற்றும் உண்மை என்பது அநேகாந்தவாதம் அன்று. ஃபிரேம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது எவருடைய நிலையையும் சார்ந்ததன்று. 'என் பக்கம் 9000 இருக்கிறது, பிழை உன்னுடையது' என்பதே துர்நயம்.

உயிர், வினை, வீடுபேறு பற்றிய வழக்குகளில் இத்தகைய பொதுச் சோதனை கிடையாது. அங்கே இந்த ஒப்புமை நின்றுவிடுகிறது. ஆயினும் ஒரு கடமை இரண்டிடத்தும் பொது: கூற்றைச் சொல்பவர் எந்த நிலையில் நின்று சொல்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.