இமயத்தில் குடியேறிய இல்லறத்தார்



இல்லறத்தில் இருந்துகொண்டே அத்வைதத்தை வாழ முடியுமா என்று பலர் கேட்பதுண்டு. முடியாது என்னும் விடையை எதிர்பார்த்தே சிலர் கேட்கிறார்களோ என்று எனக்குத் தோன்றும். அந்த விடை கிடைத்துவிட்டால் முயல வேண்டியதில்லை அல்லவா? அப்போதெல்லாம் கேப்டன் சேவியரை நினைத்துக்கொள்வேன்.

ஜேம்ஸ் ஹென்றி சேவியர் ஆங்கிலேயர்; முன்னர் இந்தியாவில் படை அதிகாரியாகப் பணியாற்றியவர். ஆள்பவர்களுள் ஒருவராக அவர் இந்நாட்டைக் கண்ட காலம் அது. தாயகம் திரும்பிய பின், 1896-இல் லண்டனில் சுவாமி விவேகானந்தரின் சொற்பொழிவைக் கேட்டார். கேட்டு முடித்ததும், சுவாமிஜியை அறிந்த ஓர் அம்மையாரிடம், இந்த இளைஞர் தோற்றத்தில் இருப்பது போலவே உள்ளும் இருப்பவர்தாமா என்று விசாரித்தார். ஆம் என்று அறிந்ததும், அப்படியானால் இவரைப் பின்பற்றி இறைவனை அடைய வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

அடுத்து அவர் செய்த காரியம் சிந்திக்கத்தக்கது. நேரே மனைவியிடம் சென்று, தாம் சீடராவதற்கு அனுமதி வேண்டினார். அவர் இசைந்தார். தாமும் சீடராகலாமா என்று அந்த அம்மையார் கேட்டபோது, அதைப் பற்றி உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று வேடிக்கையாக மறுமொழி கூறினாராம்! ஒருவரை ஒருவர் விட்டுச் செல்லாமல், ஒருவரை ஒருவர் தடுக்காமல் எடுக்கப்பட்ட முடிவு அது. இறைவனைத் தேடுகிறேன் என்று சொல்லி வீட்டாரின் மனத்தைப் புண்படுத்துவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் இருந்த உடைமைகளை விற்றுவிட்டு இருவரும் சுவாமிஜியுடன் புறப்பட்டனர். 1897 ஜனவரியில் கொழும்பை அடைந்தனர். இம்முறை சேவியர் அதிகாரியாக வரவில்லை. இங்கேயே வாழ்ந்து மடிய வந்தார். இன்று நம் பிள்ளைகள் பலர் கடல் கடந்து செல்கிறார்கள். பொருள் தேடிச் செல்வதில் குற்றமில்லை. ஆனால் உள்ள பொருளையெல்லாம் கையில் எடுத்துக்கொண்டு, அதைக் கொடுப்பதற்காகவே வேற்று நாட்டில் குடியேறியவர்கள் எத்தனை பேர்?

சென்னையில் 1896 ஜூலையில் தொடங்கப்பட்ட ‘பிரபுத்த பாரத’ மாத இதழ், அதன் இளம் ஆசிரியர் ராஜம் ஐயர் 1898 மே மாதம் மறைந்ததும் நின்றுபோயிற்று. அது அந்த ஆண்டு ஆகஸ்டில் அல்மோராவிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சுவாமி சொரூபானந்தர் ஆசிரியர், சேவியர் நிர்வாகி. தமிழ் மண்ணில் பிறந்த இதழை ஓர் ஆங்கிலேயர் தம் பொருளாலும் உழைப்பாலும் இமயமலையில் வளர்த்தார். 1899 மார்ச் 19 அன்று, முன்பு தேயிலைத் தோட்டமாக இருந்த மாயாவதியில் அத்வைத ஆசிரமம் அமைந்தது. ஏறத்தாழ 6,400 அடி உயரம், சுற்றிலும் அடர்ந்த காடு, எதிரே பனிச்சிகரங்கள். துறவியருக்காக அமைந்த அந்த இடத்தில் இந்தத் தம்பதியரும் வாழ்ந்தனர். காவி உடுத்தவில்லை, கணவன் மனைவி என்ற உறவையும் துறக்கவில்லை. தங்கள் இல்லத்தின் சுவர்களை மட்டும் அகற்றிவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

அந்த வாழ்வு நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1900 அக்டோபர் 28 அன்று சேவியர் மாயாவதியில் உடலை நீத்தார். ஆசிரமத்தின் அருகே ஓடும் ஆற்றங்கரையில் இந்து முறைப்படி அவரது உடல் தகனம் செய்யப்பட்டது. மாலைகள் சூட்டப்பட்ட அந்த உடலை அந்தணர்கள் சுமந்து சென்றனர். சிறுவர்கள் வேதம் ஓதினர். கடல் கடந்தாலே ஆசாரம் கெடும் என்று அஞ்சிய காலம் அது! அந்நியர் ஒருவரின் பூதவுடலை மலைநாட்டு அந்தணர்கள் தோளில் ஏற்றார்கள் என்றால், அவர் அங்கு எப்படி வாழ்ந்திருக்க வேண்டும்?

அப்போது மேல்நாட்டுப் பயணத்தில் இருந்த சுவாமிஜி டிசம்பரில் பேலூர் மடம் திரும்பினார். உடல்நலம் குன்றியிருந்தும், திருமதி சேவியருக்கு ஆறுதல் கூறும்பொருட்டுக் கடுங்குளிரில், பனி மூடிய மலைப்பாதை வழியாகப் பயணம் செய்து 1901 ஜனவரி 3 அன்று மாயாவதியை அடைந்தார். முதல் சந்திப்பிலேயே தாம் ‘அம்மா’ என்று அழைத்த அந்த அம்மையார், துயரத்தை அமைதியுடன் தாங்கி நிற்பதைக் கண்டார்.

ஜனவரி 18 அன்று சுவாமிஜி மலையிலிருந்து இறங்கினார். தாயகம் திரும்ப அந்த அம்மையாருக்குத் தடை ஏதும் இல்லை. ஆயினும் கணவரோடு குடியேறிய அந்த வீட்டிலேயே, மேலும் பல ஆண்டுகள் ஆசிரமப் பணிகளில் ஈடுபட்டு வாழ்ந்தார்.